அப்பாவின் சுவரில் நாலாவது படம்

அன்புள்ள ஐயா,

அப்பா போன மாசியில் காலமானார். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிரிந்தபோது மார்க்சிஸ்ட் பக்கம் வந்தவர், கடைசி வரை கிளை உறுப்பினர். எங்கள் வீட்டுக் கூடத்தில் மார்க்ஸ், ஏங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நாலு பேரும் வரிசையாக இருப்பார்கள். என் தம்பிக்கே ஸ்டாலின் என்றுதான் பெயர். வெள்ளையடிக்கும்போது படங்களைக் கழற்றினோம். திரும்ப மாட்டுகிற நேரத்தில், கல்லூரியில் படிக்கிற என் மகன், "நாலாவது படம் வேண்டாம்மா, சொந்தத் தோழர்களையே கொன்னவர்" என்றான். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாம் குருஷேவ் கட்டிவிட்ட கதை" என்று கத்தினான். பத்து நாளாக மாமனும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை. படம் இப்போது பரணில், அப்பாவின் கட்சி வகுப்பு நோட்டுகளோடு கிடக்கிறது. இவர்களில் யார் சொல்வது சரி?

பெயர் வேண்டாம்,
ராஜபாளையம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஸ்டாலினுக்குப் பின் சோவியத் கட்சிக்குத் தலைமை ஏற்ற குருஷேவ், ஸ்டாலினின் குற்றங்களை அடுக்கி ஓர் உரை நிகழ்த்தினார். அது 1956 பிப்ரவரி 25 அன்று, சோவியத் கட்சியின் 20வது காங்கிரஸில், அதாவது கட்சி மாநாட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. அதில் மிகைகள் உண்டு. ஸ்டாலின் உலக உருண்டையை வைத்துப் போர்த் திட்டம் போட்டார் என்றார். தளபதி ஜுகோவ் தன் நினைவுக் குறிப்புகளில் அதை மறுத்தார். குருஷேவ் சொல்லாமல் விட்டவை இன்னும் பெரியவை. 1932-33 பஞ்சத்தில் செத்த விவசாயிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. மாஸ்கோவிலும் உக்ரைனிலும் தானே கட்சிப் பொறுப்பில் இருந்தபோது நடந்த கைதுகளில் தன் பங்கைப் பற்றியும் இல்லை. 1938இல் சுடப்பட்ட பழைய கட்சித் தலைவர் புகாரின் மீதான குற்றச்சாட்டு 1988இல்தான் நீங்கியது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த உரை வெளியுலகுக்குக் கிடைத்தது 1956 ஜூனில், அமெரிக்க அரசு வெளியிட்டு நியூயார்க் டைம்ஸ் அச்சடித்த பிறகு. சோவியத் நாட்டில் முழுதாக அச்சானது 1989இல். முப்பத்து மூன்று வருடம் சொந்தக் கட்சியே வெளியிடாத ஒன்றை, அமெரிக்கப் பத்திரிகை போட்டதை, உங்கள் அப்பா தலைமுறை எப்படி நம்பும்? உங்கள் தம்பியின் சந்தேகத்துக்கு விதை போட்டது அந்த மௌனம்தான். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் "எல்லாம் கதை" என்பது நிற்காது. 1934இல் நடந்த 17வது காங்கிரஸ் தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவில் மாற்று உறுப்பினர்களையும் சேர்த்து 139 பேர். அவர்களில் 98 பேர் கைதாகிச் சுடப்பட்டார்கள். அந்தக் காங்கிரஸின் 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் கைது. இந்தக் கணக்கு குருஷேவ் உரையில் வருவது, சரி. தண்டனைக்கு ஒப்புதல் கேட்டு ஸ்டாலினுக்கு அனுப்பப்பட்டதாக அவர் சொன்ன 383 பெயர்ப் பட்டியல்களோ இப்போது ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்து அச்சாகியும் இருக்கின்றன. சுமார் 44,000 பெயர்கள். ஸ்டாலின், அவருடைய நெருங்கிய சகா மொலோடோவ் கையெழுத்துகள் அவற்றில் இருக்கின்றன. 1937, 1938 இரண்டே வருடத்தில் 6,81,692 பேருக்கு மரண தண்டனை என்பது சோவியத் ரகசியப் போலீஸின் சொந்தக் கணக்கு. இதற்கெல்லாம் குருஷேவின் வார்த்தையை நம்ப வேண்டிய தேவையே இல்லை.

அப்புறம் உலகக் கம்யூனிஸ்ட் இயக்கம் இதை எப்படி விவாதித்தது என்று பாருங்கள். 1956 ஏப்ரலிலேயே சீனத் தலைவர் மாவோ ஒரு விகிதம் சொன்னார்: ஸ்டாலினிடம் 70 சதவீதம் சாதனை, 30 சதவீதம் தவறு. 1961 அக்டோபரில் சீனப் பிரதமர் சௌ என்லாய் மாஸ்கோ போய் ஸ்டாலினுக்கு மலர்வளையம் வைத்தார். அந்த மாதக் கடைசியில் சோவியத் கட்சி ஸ்டாலின் உடலை லெனின் பக்கத்திலிருந்து எடுத்து வெளியே புதைத்தது. 1963 செப்டம்பரில் சீனக் கட்சி ஸ்டாலின் பிரச்சினைக்கென்றே ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அதற்குள் இரு நாட்டு உறவும் கெட்டு, சோவியத் நிபுணர்கள் சீனாவை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. இயக்கத்துக்கு யார் தலைமை, அமெரிக்காவோடு சமாதானமா மோதலா என்பதுதான் உண்மையான சண்டை. ஸ்டாலின் அதற்கு ஒரு கொடி. செத்தவர்களின் பெயர்களை இரண்டு பக்கமும் தங்கள் வசதிக்கு எடுத்தார்கள், வசதிக்கு விட்டார்கள். 1981இல் மாவோவைப் பற்றிச் சீனக் கட்சி தீர்மானம் போட்டபோதும் பங்களிப்பு முதன்மை, தவறு இரண்டாம் பட்சம் என்று அதே தராசையே எடுத்தது.

தராசை ஒதுக்கிவிட்டு வேறு கேள்வி கேட்டவர் இத்தாலியக் கட்சியின் டோக்லியாட்டி. 1956இலேயே கேட்டார்: முன்பு எல்லா நன்மைக்கும் ஒரு மனிதர் காரணம் என்றீர்கள், இப்போது எல்லாத் தீமைக்கும் அதே மனிதர் காரணம் என்கிறீர்கள், அந்த அமைப்பு இதை எப்படி அனுமதித்தது? எனக்குத் தெரிந்து அந்த விவாதத்தில் கேட்கப்பட்ட ஒரே நேர்மையான கேள்வி அது. சோவியத் கட்சிக்கு அது பிடிக்கவில்லை. அமைப்பின் தன்மையில் காரணம் தேடுவது தவறு என்று அந்த ஜூன் மாதமே தீர்மானத்தில் எழுதிவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1964 பிளவுக்கு நேரு அரசை எப்படிப் பார்ப்பது, 1962 சீனப் போர் என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் "நான் திருத்தல்வாதத்தின் பக்கம், அதாவது மார்க்சியத்தை நீர்த்துப்போகச் செய்கிறவர்கள் பக்கம், போகவில்லை" என்று சொல்லும் அடையாளமாக அந்த நாலாவது படம் பல வீடுகளில் இருந்தது. அதோடு உங்கள் அப்பா தலைமுறைக்கு ஸ்டாலின் என்றால் ஸ்டாலின்கிராட், ஹிட்லரைத் தோற்கடித்த நாடு. அந்தப் போரில் சுமார் 2 கோடியே 70 லட்சம் சோவியத் மக்கள் செத்தார்கள். அந்த மரியாதையில் பொய் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவின் கட்சி தன் பிறப்பாகக் கொள்வது 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட். அன்று அங்கே இருந்தது ஏழு பேர். அவர்களில் ஒருவரான அபனி முகர்ஜியை 1937 அக்டோபரில் சோவியத் நாட்டில் சுட்டுக் கொன்றார்கள். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவை அதே வருடம் செப்டம்பரில். இந்தியப் புரட்சிக்காரர் லுஹானியை 1938இல். அந்த ஏழு பேரில் நம் சென்னைக்காரர் எம்.பி.டி. ஆச்சார்யாவும் உண்டு. அவர் 1922இல் பெர்லினுக்குப் போய்விட்டார், 1954இல் பம்பாயில் இறந்தார். கட்சியைத் தொடங்கிய கை ஒன்றைச் சுட்டவரின் படம் அதே கட்சியின் சுவரில் இருக்கிறது. எழுபது வருடமாக குருஷேவ் துரோகியா, ஸ்டாலின் தலைவரா என்று வாதாடுகிறோம். அபனி முகர்ஜிக்கு ஒரு படம் மாட்டிய கிளை அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு இதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

ஆக, உங்கள் மகன் சொல்வதுதான் சரி. "சொந்தத் தோழர்கள்" என்பதில் இந்தியர்களும் உண்டு என்று அவனுக்குச் சொல்லுங்கள். அந்தப் படம் அந்த வரிசைக்குத் திரும்ப வேண்டாம். தூக்கியும் போட வேண்டாம், அது அப்பாவின் பொருள். தம்பியின் பெயர் அப்பா ஆசையாக வைத்தது, இந்த விவாதத்துக்குள் அதை யாரும் இழுக்கக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பரணில் இருக்கிற நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாமனையும் மருமகனையும் சேர்த்து உட்காரவைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். 1964ஐ ஒட்டிய வருடங்களில் ஸ்டாலினைப் பற்றி வகுப்பில் என்ன சொன்னார்கள், அப்பா எதை அடிக்கோடிட்டார், எங்காவது கேள்விக்குறி போட்டிருக்கிறாரா என்று பார்க்கட்டும். அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.