சொந்த பைக்கில் நேபாள எல்லையைக் கடக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட என் மோட்டார் சைக்கிளிலேயே சுனௌலி வழியாக நேபாளம் செல்ல விரும்புகிறேன். விசா தேவையில்லாத நாடு என்பதால் வண்டிக்கும் எதுவும் தேவையில்லை என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்களுக்கு விசா தேவையில்லை; கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். வண்டியின் நிலை வேறு. அது தற்காலிகமாக அந்நாட்டுக்குள் கொண்டுவரப்படும் பொருள் என்பதால், எல்லைக்கு அப்பால் பெலஹியாவிலுள்ள நேபாளச் சுங்க அலுவலகத்தில் பதிவுச் சான்றையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டி, தங்கும் நாட்களுக்குரிய கட்டணத்தைச் செலுத்தி, 'பன்சார்' எனப்படும் சீட்டைப் பெற வேண்டும். திறந்த எல்லையாதலால் யாரும் தடுக்காமலேயே நீங்கள் உள்ளே சென்றுவிடக்கூடும். அதை அனுமதி என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். வழியில் காவலர்கள் சீட்டைக் கேட்டால் அபராதம் கட்ட நேரிடும், வண்டியே பறிபோகவும் கூடும். மழைக்காலத்தில் மலைப்பாதைகள் மண்சரிவால் அடைபடுவதுண்டு என்பதால், ஓரிரு நாட்கள் கூட்டியே சீட்டு வாங்குங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது காப்பீட்டைப் பற்றித்தான். வழக்கமான இந்திய வாகனக் காப்பீடு நம் எல்லையோடு நின்றுவிடுகிறது. கூடுதல் பிரீமியம் செலுத்தினால் நேபாளத்துக்கும் அதை நீட்டித்துப் பாலிசியில் குறித்துத் தருவார்கள். எல்லையில் போய்த் தேடாமல், திருநெல்வேலியிலேயே இதை முடித்துக்கொண்டு புறப்படுங்கள்.