கொழுந்தனாரின் காரும் உங்கள் ஐவிஎஃப் பில்லும்

கேள்வி: எனக்கு 33 வயது. திருப்பூரில் இருவரும் வேலை செய்கிறோம். கைக்கு வருவது 68,000. முதல் ஐவிஎஃப் பலிக்கவில்லை. அதற்கு வாங்கிய கடனுக்கு மாதம் 7,600 போகிறது. இப்போது ஒரு மருத்துவமனையில் தினசரி ஊசி முறைக்கு 2,40,000 கேட்கிறார்கள். இன்னொன்றில் மாத்திரையும் சில ஊசிகளும் போதும், 1,30,000 என்கிறார்கள். எஃப்டியில் ஒரு லட்சம் இருக்கிறது. கொழுந்தனாரின் கார் தவணை 14,000-ஐயும் நாங்கள்தான் கட்டுகிறோம் (அவர் வேலையில்தான் இருக்கிறார்). மறுபடி கடன் வாங்கி மலிவான முறைக்குப் போகலாமா?

பதில்: எந்த முறை என்பதை உங்கள் ஏஎம்ஹெச் அளவையும் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஸ்கேனையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் பில்லைப் பார்க்கிறேன்.

1,10,000 மிச்சம் என்று நினைக்கிறீர்கள். ஊசி முறையில் முட்டை நிறையக் கிடைத்தால், மிஞ்சும் கருவை உறையவைக்கலாம். அடுத்த முயற்சிக்கு அதைக் கருப்பையில் வைக்கும் செலவுதான். சுமார் 50,000 என்று வையுங்கள். ஆக இரண்டு முயற்சிக்கு 2,90,000. மாத்திரை முறையில் முட்டை குறைவு. கரு மிஞ்சாவிட்டால் மறுபடி முதலிலிருந்து: 2,60,000. வித்தியாசம் 30,000-தான். மூன்றாவது முயற்சி வந்தால் 3,40,000-க்கு எதிரே 3,90,000! ஆனால் ஏஎம்ஹெச் ரொம்பக் குறைவு என்றால், ஊசியைக் கூட்டியும் பெரிதாக முட்டை வராது. அப்போது மலிவான முறைதான் சரி.

ஊசி முறைதான் என்று முடிவானால் ஒன்று கேளுங்கள். சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஹெச்எம்ஜி ஊசி, ஆய்வகத்தில் உருவாக்கும் ரீகாம்பினன்ட் ஊசியைவிடப் பொதுவாக விலை குறைவு. குழந்தை பிறக்கும் வாய்ப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்கு ஒத்துவருமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, கடன். 2,40,000-ஐ 15% வட்டிக்கு மூன்று வருடம் வாங்கினால் மாதம் 8,300; வட்டி மட்டும் சுமார் 60,000. பழைய தவணை, கார் தவணை சேர்த்தால் 30,000 தவணைக்கே போகிறது. வாடகை, அரிசி? 'வட்டியில்லாத் தவணை' என்று கவுண்டரில் நீட்டுவார்கள். ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கார் தவணையை விட்டால் ஐந்து மாதத்தில் 70,000. எஃப்டியோடு 1,70,000. மாத்திரை முறைக்கு அதுவே போதும். ஊசி முறை என்றால், பாக்கிக்கு மட்டும் சின்னதாக ஒரு நகைக்கடன். ஐந்து மாதம் தள்ளலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம்: கார் கடன் உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருந்தால், பட்டென்று நிறுத்தாதீர்கள்; அடிபடுவது அவருடைய சிபில். தவணை கொழுந்தனாரின் கணக்கிலிருந்து பிடிபடும்படி மாற்றச் சொல்லுங்கள். இதை நீங்கள் பேசினால் சண்டை வரும். அண்ணன்தான் தம்பியிடம் பேச வேண்டும், அடுத்த தவணைத் தேதிக்கு முன்னால்.