பணத்துக்கும் வயது கேட்பார்கள்

(வெளிநாட்டுப் படிப்பு, விசா, கல்விக் கடன் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில். பதில் சொல்பவர் பொதுத்துறை வங்கியில் 31 ஆண்டுகள் பணியாற்றியவர். கடைசி 11 ஆண்டுகள் திருச்சிக் கிளையில் கல்விக் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.)

மகன் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கணக்கில் பணம் காட்ட வேண்டுமாம். ஏஜென்ட் ஒருவர், "நீங்கள் கவலைப்படாதீர்கள், ஒரு மாதத்துக்கு 3 வட்டியில் பணம் போட்டுவைக்க ஆள் இருக்கிறது" என்கிறார். செய்யலாமா?
— ஒரு தாய், கோவில்பட்டி

செய்யாதீர்கள் அம்மா. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழெட்டுப் பேர் இதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் கணக்கு. பிரிட்டிஷ் மாணவர் விசாவுக்கு, கட்ட வேண்டிய கல்விக் கட்டண பாக்கியோடு, 9 மாத வாழ்க்கைச் செலவையும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் படித்தால் மாதத்துக்கு 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. வெளியே என்றாலும் 9 மாதத்துக்கு 10,539 பவுண்டு ஆகிறது. நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம். இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த 28-ஆவது நாள், விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். பணத்துக்கும் வயது கேட்பார்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஏஜென்ட் சொல்லும் வழியில் 28 நாளை ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறவர் கடைசித் தொகையோடு நிறுத்துவதில்லை. வருடம் முழுக்க எட்டாயிரமும் பத்தாயிரமுமாக நடந்த கணக்கில் திடீரென்று பதினான்கு லட்சம் விழுந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் மகன் என்ன பதில் சொல்வான்?

ஒன்று சொல்கிறேன். எங்கள் கிளைக்கு ஒரு நாள் சரிபார்ப்புக் கடிதம் ஒன்று வந்தது. "இந்த ஸ்டேட்மென்ட் நீங்கள் கொடுத்ததுதானா?" என்பதுதான் கேள்வி. இணைத்திருந்த தாளை எங்கள் கணினியோடு வரி வரியாக ஒப்பிட்டேன். எல்லாம் சரி, ஒரு வரியைத் தவிர. எங்கள் பதிவில் இருப்பு 8,412 ரூபாய். அந்தத் தாளில் 14,08,412. முன்னால் சில எண்களைச் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் விசாவுக்கு அந்தத் தாளோடு விண்ணப்பித்திருந்தவர் ஒரு பெண். அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும். லேத் பட்டறை வைத்திருந்தார். மஞ்சள் பையில் மகளின் மார்க் ஷீட்டுகளைப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரே பலமுறை உட்கார்ந்தவர். ஏஜென்ட் அச்சடித்த தாளை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் மகளுடையது. நான் உண்மையைத்தான் எழுதி அனுப்ப முடியும், அனுப்பினேன். ஏமாற்றி விண்ணப்பித்ததாக முடிவானால் பிரிட்டனில் 10 ஆண்டுத் தடை. அந்தத் தடை விழுந்தது அந்தப் பெண்ணின் மேல். அந்த ஏஜென்ட் அடுத்த மாதமும் கடையைத் திறந்துதான் வைத்திருந்தார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கணக்கில் கேட்கும் அந்தப் பணம் உங்கள் மகன் அங்கே சாப்பிட, வாடகை கொடுக்க. விசா வந்த மறுநாள் வட்டிக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளை அந்த ஊரில் இறங்கும்போது கையில் என்ன இருக்கும்? பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதை நம்பி வாடகை கட்ட முடியாது.

நேர் வழி இருக்கிறது. முறையான கல்விக் கடன் திட்டத்தில் வங்கி கொடுக்கும் சாங்ஷன் கடிதத்தை, அதாவது கடன் ஒப்புதல் கடிதத்தை, விசா அதிகாரிகள் ஏற்றுக்கொள்கிறார்கள், அதற்கு 28 நாள் கணக்கும் கிடையாது. கடிதம் விண்ணப்பத் தேதிக்கு ஆறு மாதத்துக்குள் தரப்பட்டதாக இருக்க வேண்டும். பெற்றோரின் சேமிப்பும் ஃபிக்சட் டெபாசிட்டும் செல்லும். அப்படியானால் மகனின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். அந்தப் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்து பெயர் பதியாமல் விட்டிருப்பார்கள். நம் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. நகராட்சி அலுவலகத்தில் பெயர் சேர்க்க நாளாகும்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது, சர்நேம் இடம் காலி. மார்க் ஷீட்டில் இன்ஷியலோடு இருக்கிறது. சிக்கல் வருமா?
— இறுதியாண்டு மாணவர், புதுக்கோட்டை

வரும் தம்பி. ஆனால் இப்போதே கேட்டுவிட்டீர்கள், அது நல்லது.

நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். வெளிநாட்டுப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும், இரண்டையும் நிரப்பச் சொல்லும். அமெரிக்க விசாவில் சர்நேம் இல்லாதவரின் பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அப்பா அம்மா வைத்த பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாதவராக ஒருவர் போய் இறங்குவது எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று அந்த மூன்றெழுத்து பின்னாலேயே வரும்.

எங்கும் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறு வெளியீட்டுக்குக் கொடுத்து அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கல் என்றால் கூடுதலாக 2,000. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு அதற்கு அப்புறம். தேர்வுச் சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். மார்க் ஷீட்டை மாற்ற அலைய வேண்டாம். இன்ஷியலோடு உள்ளவரும் விரித்த பெயரோடு உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் பழைய பெயரில் வந்துவிட்டிருந்தால் மட்டும், நடுவில் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள்.

இ.சி.இ. முடிக்கப் போகிறேன், சி.ஜி.பி.ஏ. 8.1. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு வேண்டும்? எப்போது தொடங்க வேண்டும்?
— மாணவி, கரூர்

கட்டணம் இல்லை என்பது பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உண்மை. செமஸ்டருக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும் கட்டுவீர்கள். விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைப் படிப்புகளுக்கு, பாடத்தைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பணம் திரட்டாமல் இருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' தொடங்கி ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 11 லட்சத்து 90 ஆயிரம். பணம் உங்களுடையதுதான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். மியூனிக்கில் அறை வாடகையே இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், கெம்னிட்ஸ் போன்ற ஊரில் தாக்குப்பிடிக்கலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள் என்று என்னிடம் வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னேன். தரவரிசைப் பட்டியலைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள்.

உங்கள் மதிப்பெண்ணை அவர்கள் தங்கள் அளவுக்கு மாற்றுவார்கள். அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சி. உச்சம் 10-இலிருந்து உங்கள் 8.1-ஐக் கழித்தால் 1.9. தேர்ச்சிப் புள்ளி 5 என்று வைத்துக்கொண்டால், 10-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 5-ஆல் அதை வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 2.14 வருகிறது. 2.5 வரை கேட்கும் படிப்புகள் நிறைய உண்டு, உங்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

எப்போது தொடங்குவது? படிப்பு அக்டோபரில் ஆரம்பம். பல படிப்புகளுக்குக் கடைசித் தேதி ஜூலை 15. வெளிநாட்டவருக்கான ஆங்கிலவழிப் படிப்புகள் சில அதற்குப் பல மாதம் முன்பே மூடிவிடும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். எனவே முந்தைய ஆண்டு தீபாவளிக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பச் சேவையான யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஆறு இடத்துக்குப் போட்டால் 225 யூரோ. இருபது இடத்துக்குப் போட வேண்டியதில்லை.

விசா மறுக்கப்பட்டால் முன்பு மறுபரிசீலனை மனு என்று ஒன்று இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும். அதனால் ஒவ்வொரு தாளையும் முதல் தடவையே ஒழுங்காகக் கொடுங்கள். ஆங்கிலவழிப் படிப்புதானே என்று ஜெர்மன் மொழியை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரரிடமும் பகுதிநேர வேலை கொடுப்பவரிடமும் அதுதான் பேசும்.

மகளுக்கு அமெரிக்க விசா மறுத்துவிட்டார்கள். 214(பி) என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது இதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் கன்சல்டன்ட்.
— ஒரு தந்தை, நாகர்கோவில்

சொல்லியே ஆக வேண்டும் ஐயா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் இந்த விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. மறுக்கப்பட்டது குற்றமில்லை, மறைப்பது குற்றம்.

214(பி) என்பது, படிப்பு முடிந்து திரும்பி வருவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்பதுதான். அதற்கு அப்பீல் கிடையாது. 185 டாலர் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: "கன்சல்டன்சியில் கொடுத்த 40 பதில்களையும் மனப்பாடம் செய்துதான் போனாள்." அங்கேதான் சறுக்கியிருக்கும். நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம்தான். அந்தப் படிப்பில் எந்தப் பாடம் தனக்கு வேண்டும், அதை வைத்து என்ன செய்யப் போகிறாள் என்பதை அவள் முதலில் உங்களிடம் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் புரிந்தால் அதிகாரிக்கும் புரியும்.

கணவர் இல்லை. இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைத்து 30 லட்சம் கடன் வாங்கி மகனை ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க பிரிட்டன் அனுப்பலாமா?
— ஒரு வாசகி, தர்மபுரி

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. வங்கியில் இருந்தவன் என்ற முறையில் எண்களை முதலில் வைக்கிறேன்.

ஏழரை லட்சத்துக்கு மேல் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். 11 சதவீத வட்டி என்று வைத்தால் 30 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 27,500 ரூபாய். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டில் 30 லட்சம் 36 லட்சத்து 60 ஆயிரம் ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுங்கள். படிப்புக்குப் பின் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்க இதுவரை இருந்த இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள் விசா ஸ்பான்சர் செய்யும் வேலை கிடைக்காவிட்டால், இந்தியச் சம்பளத்தில் அந்த 50,000 கட்ட வேண்டியிருக்கும்.

நான் உங்கள் அண்ணனாக இருந்தால் இந்த ஆண்டு வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்க விடமாட்டேன். அவன் படிப்பைத் தடுக்கவும் மாட்டேன். முதலில் இரண்டு ஆண்டு இங்கே வேலைக்குப் போகட்டும். அப்புறம் கட்டணம் இல்லாத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு முயற்சி செய்தால், கடன் 30-இலிருந்து 12, 13 லட்சத்துக்கு இறங்கும். நீங்கள் ஆதிதிராவிடர் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டும் பொருந்துகிறது. கல்விக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவையும் விமானக் கட்டணத்தையும் அது தருகிறது. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையிலும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவி உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அந்தத் துறை இருக்கும். திங்கட்கிழமை மனு நாளில் கூட்டம் அதிகம், செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, மகனின் மார்க் ஷீட் மூன்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் போக வேண்டாம்.