அபின் விலையை ஏற்றியும் கடத்தல் ஏன் பெருகியது?

கேள்வி மலாயாவைப் பற்றியது: அபின் விலையை ஏற்றினால் பழக்கம் குறையும் என்று ஆங்கிலேயர் சொன்னார்களே, கடத்தல் எப்படி வளர்ந்தது?

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே தோட்டத்துத் தமிழருக்குக் கள்ளுக்கடை என்றால், பக்கத்துக் கிந்தா வட்டாரத்து ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிக்குச் சண்டு, அதாவது காய்ச்சிப் பதப்படுத்திய அபின். இரண்டிலும் அரசுக்குக் காசு.

1910க்கு முன் சண்டு விற்கும் உரிமையைச் சீன முதலாளிகள் குத்தகைக்கு எடுத்தார்கள். தங்கள் பணம் போகிறதே என்று, கடத்தலைப் பிடிக்க அவர்களே ஆள் வைத்தார்கள். 1910இல் அரசே விற்பனையை எடுத்துக்கொண்டு விலையைப் படிப்படியாக ஏற்றியது. பழக்கத்தைக் குறைக்கத்தான் என்றார்கள். ஆனால் நீரிணைக் குடியேற்றங்களின், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஆங்கிலேயர் பகுதியின், வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்த காலமும் உண்டு. அதனால் அந்தப் பேச்சை நான் முழுசாக நம்புவதில்லை.

சரி, கடத்தலுக்கு வருவோம். சண்டை எடைபோட்ட அளவான ஒரு தாஹில் 38 கிராம்கூட இல்லை, சட்டைப்பையில் அடங்கிவிடும். சீனாவில் மலிவாக வாங்கிக் கப்பலில் நிலக்கரிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தால், அரசு விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் லாபம். அரசு விலை ஏற ஏற அந்த லாபமும் ஏறியது. கூலி மட்டும் அப்படி ஏறவில்லை. கையில் காசில்லாதவன் பழக்கத்தை விடவில்லை, வாங்கும் இடத்தை மாற்றினான். கள்ளு விலை ஏறினால் நம்மாட்கள் திருட்டுச் சம்சு, அதாவது கள்ளச் சாராயம், தேடிப் போனார்களே, அதே கதைதான்.