அடுப்படியில் ஸ்பைடர்மேன்

கேள்வி: எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம், வயது 37. பள்ளிக்கூட நாளிலிருந்து சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சேர்க்கிறேன். ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் நடந்த கல்யாணத்தை 20 வருஷம் கழித்து 2007-ல் ஒரே கதையில் இல்லாமல் ஆக்கினார்கள். சூப்பர்மேனுக்கும் அதே கதி. வளர்ந்த ஆளை மறுபடி பையனாக்குவது வாசகனுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? என் மனைவிக்கு இந்த வருத்தமெல்லாம் புரிவதில்லை. அதே வீட்டில் தனி அடுப்பு கொடுத்து எங்களை வேறு வைத்து நாலு வருஷமாகிறது. ஆத்தாவே சமைத்துப் போடுவதால் அவள் அடுப்படி சும்மாதான் கிடக்கிறது என்று புத்தகப் பெட்டிகளை அங்கே அடுக்கியிருக்கிறேன். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். நான் இந்தக் கதைகளை இனியும் வாங்குவதா, இருப்பதையும் விற்றுவிடுவதா?

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதத்தில் நாலு பக்கம் ஸ்பைடர்மேன், ஒரே வரி மனைவியின் அடுப்படி. நான் அந்த ஒரு வரியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது முறையில்லை. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

காமிக்ஸ் எனக்குப் புதிதல்ல. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது என் தம்பி முகப்புத் திண்ணையில் படுத்துக்கொண்டு படிப்பான். அவன் தூங்கினதும் புத்தகம் என் கைக்கு வந்துவிடும். ஸ்பைடர்மேன் வம்சாவளி மட்டும் பேரன் சொல்லித் தெரிந்தது.

இந்த நாயகர்கள் எழுதுகிறவருக்குச் சொந்தமில்லை, கம்பெனிச் சொத்து. எழுதுகிறவர் மாறுவார், படம் போடுகிறவர் மாறுவார், சரக்கு மட்டும் விற்றுக்கொண்டே இருக்க வேண்டும். 1962-ல் பள்ளிக்கூடப் பையனாக வந்த பீட்டர் பார்க்கருக்கு (ஸ்பைடர்மேனின் சொந்தப் பெயர்) ஒழுங்காக வயது ஏறியிருந்தால் இந்நேரம் சதாபிஷேகத்துக்கு நாள் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் வளரவிடுவார்கள், அப்புறம் காதைப் பிடித்து இழுத்துவந்து பழைய இடத்திலேயே உட்காரவைப்பார்கள். 1973-ல் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொன்றார்கள். 2018-ல் பேட்மேனைக் கல்யாண நாளில் மொட்டை மாடியில் காக்கவைத்துவிட்டு கேட்வுமன் போய்விட்டாள். சூப்பர்மேனும் லோயிஸ் லேனும் 1996-ல் கட்டிக்கொண்டார்கள். 2011-ல் அப்படியொரு கல்யாணமே நடக்கவில்லை என்றாகிவிட்டது. 2016-ல் ஒரு பையனோடு அதே தம்பதியைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். ஆனால் ஃபென்டாஸ்டிக் ஃபோரில் ரீடும் சூவும் 1965-ல் கட்டிக்கொண்டவர்கள். சண்டை சச்சரவோடு குடும்பம் நடக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள், கதையும் ஓடுகிறது. நாம் வேதாளர் என்று படித்த முகமூடிக்காரருக்காக டயானா 1936-லிருந்து 1977 வரை காத்திருந்தாள். 41 வருஷம்! அந்தப் பெண்ணைப் பெற்றவர்களின் பொறுமைக்கே தனிக் கோயில் கட்டலாம். கட்டின பிறகு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, குகையிலேயே குடித்தனம் நடந்தது. கல்யாணமானால் கதை செத்துவிடும் என்பது எழுதத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்கு. உங்கள் கோபத்தில் அதுவரைக்கும் நியாயம் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 2007 கதையில் அந்தக் கல்யாணம் எதற்காகப் போனது? பீட்டருக்கு வைத்த குறி தவறி, குண்டு மே மீது பாய்கிறது. மே நம் கணக்கில் பெரியம்மா முறை. அப்பாவின் அண்ணன் மனைவி, பீட்டரை வளர்த்து ஆளாக்கியவள். அவளைப் பிழைக்கவைக்க மெஃபிஸ்டோ என்கிற சாத்தான் கூலியாகக் கேட்டது அந்தக் கல்யாணத்தை. புருஷனும் பெண்டாட்டியும் அழுதுகொண்டே கொடுத்தார்கள். பீட்டர் கண் விழித்தது பெரியம்மா வீட்டில், தாலி கட்டின ஞாபகம்கூட இல்லாமல்.

உங்கள் ஆத்தா மேல் யார் சுட்டார்கள், தம்பி? எந்தச் சாத்தான் வந்து வாசலில் நின்றான்? பீட்டராவது ஓர் உயிருக்குப் பதிலாகக் கல்யாணத்தைக் கொடுத்தான். நீங்கள் வத்தக்குழம்புக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

வேற்றூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பிள்ளையைக் கொஞ்ச நாளில் 'வேறு வைப்பார்கள்'. வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. அதே வளவில் (நடு முற்றமும் சுற்றி அறைகளுமாக இருக்கும் பகுதி), அதே கூரைக்குக் கீழே, தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கோயில் வரிக்கும் கல்யாணமானவன்தான் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். கூட்டுக் குடும்பத்தையும் விடாமல், புதிதாக வந்த பெண்ணுக்கும் ஓர் அடுப்பு வேண்டும் என்று யோசித்தவர்கள் நம் முன்னோர். நான் இதைவிட நல்ல ஏற்பாடு பார்த்ததில்லை.

என்னை வேறு வைத்த அன்று சோறு அடிப்பிடித்துவிட்டது. வாடை வளவு முழுக்கப் பரவி, எதிர்ப்பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் வரைக்கும் போயிற்று. அவுக எழுந்து வரவில்லை. முறத்தை ஒருதரம் தட்டினாக, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் மகள் கையில் ஒரு கிண்ணம் துவையல் வந்தது. கருகின சோற்றைத் துவையலோடு என் வீட்டுக்காரர் வாய் திறக்காமல் சாப்பிட்டார். அன்றைக்கு அவர் ஆத்தா பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் எனக்கு அந்த வீட்டில் கடைசிவரை ஓர் அடுப்பு வாய்த்திருக்காது.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, புத்தகம் பிடிக்காததாலா? தன் சம்சாரம் தொடங்க வேண்டிய இடத்தில் உங்கள் சின்ன வயசு மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறது. மேரி ஜேனின் கல்யாணத்தை அழித்தவர்கள் ஊர் முழுக்கத் திட்டு வாங்கினார்கள். உங்களை இதுவரை ஒருத்தரும் திட்டவில்லை, அதுதான் குறை. வேறு வைத்தபோது அவள் பிறந்த வீட்டார் கொடுத்த சாமான் எங்கே இருக்கிறது? அதைப் பற்றி நாலு பக்கத்தில் ஓர் எழுத்து இல்லை. மச்சில் காகிதம் பிரிக்காமல் கிடக்கும் என்பது என் ஊகம்.

ஆத்தாவைக் கைவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டால் இன்னும் திட்டுவேன். பெற்றவளைக் கடைசிவரை பார்ப்பது மகன் கடமை, அதில் பேரமே கிடையாது. அதனால்தான் கேட்கிறேன், இத்தனை வயசுக்கு மேல் அந்த அம்மாள் எதற்காக நாலு வருஷமாக உங்களுக்குச் சமைத்துப் போடுகிறாக? அவுகளுக்கு ஒருநாள் மருமகள் அடுப்பிலிருந்து ரசம் போகக் கூடாதா?

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பெட்டிகளை இரண்டாங்கட்டுக்கு மாற்றுங்கள். தரையில் வைக்காதீர்கள், கரையான் ஏறும், பலகை மேல் வையுங்கள். நீங்களே தூக்க வேண்டும், ஆளை விட்டுச் செய்யக் கூடாது. வெள்ளி காலையில் பால் காய்ச்சட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆத்தாவைக் கூப்பிட இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். அவுக சாப்பிட்டுவிட்டு உப்புக் கம்மி என்பாக. நீங்கள் மனைவி முகத்தைப் பார்க்காமல், சரியாத்தான் இருக்கு ஆத்தா என்று மறுத்தும் பேசாமல், உப்பு ஜாடியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

புத்தகத்தை விற்பதா வேண்டாமா என்று அதற்கப்புறம் எழுதிக் கேளுங்கள். க்வென் ஸ்டேசி இதழ் இருந்தால் மட்டும் விற்காதீர்கள், பேரன் தேடிக்கொண்டிருக்கிறான்.