வகுப்பறைப் பாடம் இணையத்துக்கு வரும்போது: கேள்வி பதில்

2020 மார்ச்சில் கரும்பலகையை விட்டுத் திடீரென்று திரைக்கு வந்த கணித ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிவு செய்து போடலாமா மேடம்?

தயவுசெய்து வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் பாடக் காணொளிகளுக்குக் கிடைத்த 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பார்வைகள் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. கையால் எழுதிக் காட்டியவை ஸ்லைடுகளைவிட நன்றாகப் பார்க்கப்பட்டன.

இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும் முறையான பகுதித் தொகையிடலை நான் மூன்று துண்டாக்கினேன். முதலாவதில், பெருக்கல் விதியிலிருந்து சூத்திரம் எப்படி வருகிறது என்பது. இரண்டாவதில் ஒரே ஒரு கணக்கு. எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்று கேட்டு அங்கேயே நிறுத்திவிடுவேன். நோட்டில் போட்டுப் படம் அனுப்பியவர்களுக்குத்தான் மூன்றாவது. கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு, குறுக்கே ஒரு மர ஸ்கேல், அதன்மேல் நோட்டைப் பார்த்தபடி போன்.

எந்தச் செயலி நல்லது?

மாணவர்களின் போனில் ஏற்கெனவே இருப்பது.

வேதியியல் செய்முறை வகுப்புக்கு என்ன செய்ய?

என் துறை இல்லை. செய்முறைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் மத்திய அரசின் விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தைப் பாருங்கள். ஆனால் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டைத் திருகும் கைப்பழக்கத்துக்கு ஆய்வகம்தான் வேண்டும்.

ஐஐடிகளின் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் காணொளி இணைப்பைக் கொடுத்தால் போதாதா?

போதாது. என்பிடெல் இணையப் படிப்புகளில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. அதையும் செய்ய வையுங்கள்.

கேமராவைக் கட்டாயமாக்கினால்தான் கவனிக்கிறார்கள். சரிதானே?

இல்லை. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டை எல்லோருக்கும் காட்டச் சொல்ல நமக்கு என்ன உரிமை? டேட்டாவும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் தூங்குபவரை எப்படிக் கண்டுபிடிப்பது? 22 வருடம் பாடம் நடத்தியவன் கேட்கிறேன்.

ஐயா, முகத்தைப் பார்த்து நடத்திய பழக்கம் எனக்கும் உண்டு, அது இல்லாமல் தவித்தும் இருக்கிறேன். ஆனால் கேமராவைப் பார்த்தபடியே கவனிக்காமல் இருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி போட்டு, சாட்டில் விடை கேளுங்கள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் முதல் வாரத்திலேயே தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

விடையைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுத்தால்?

சொல்லிக் கொடுக்கட்டும், மதிப்பெண் இல்லாத கேள்விதானே. வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் தனித்தனியாக அழைத்து, ஐந்து நிமிடம் கேமராவோடு பேசுங்கள். அதில் உங்கள் பக்கம்தான் நானும்.

பதிவு எத்தனை நிமிடம் இருக்கலாம்?

முதல் பதிலிலேயே இருக்கிறது. ஆறு. முழு வகுப்பைப் பதிவு செய்யாதீர்கள்.