ஊராட்சியா, மாநகராட்சியா?

கேள்வி: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். நூறு நாள் வேலை போய்விடும் என்று பெண்கள் பயப்படுகிறார்கள், மனை வாங்கிப் போட்டவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். இது நல்லதா, கெட்டதா?
- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: பெண்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நூறு நாள் வேலை எந்தப் பெயரில் நடந்தாலும் அது ஊரகத் திட்டம்தான், ஊர் மாநகராட்சிக்குள் போனால் வேலை அட்டையை மடித்து வைக்க வேண்டியதுதான். மனை விலை ஏறும், சரி, கூடவே சொத்து வரியும் ஏறும். தரகர் அதைச் சொல்லமாட்டார்.

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது கிராம சபை. ஓட்டு உள்ள யாரும் அங்கே எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். நகரத்தில் பகுதி சபை என்று ஒன்று உண்டு, ஆனால் அது நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னையைப் பாருங்கள். 2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டரை 426 ஆக்கினார்கள், வார்டு 155-லிருந்து 200 ஆனது. மக்கள் தொகையோ 66 லட்சத்துக்கு மேல், அதாவது சராசரியாக 33 ஆயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர்! உங்கள் ஊரில் வார்டு உறுப்பினர் இரண்டு தெரு தள்ளி இருப்பார். சேர்த்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை வருவதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆனது.

அதற்காக இணைப்பே கூடாது என்று சொல்லவில்லை. குப்பை, கழிவுநீர், ஏரியின் உபரித் தண்ணீர் எதுவும் ஊர் எல்லை பார்த்து நிற்பதில்லை, இதையெல்லாம் ஒரு சின்ன ஊராட்சி தன் வருமானத்தில் சமாளிக்க முடியாது.

2025 ஜனவரியில் இப்படி அறிவிப்பு வந்தபோது பல ஊர்க்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரண்டு போனார்கள். நீங்கள் போனால் கையில் மனுவும் இருக்கட்டும். மக்கள் தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத தொழில் செய்பவர்களின் விகிதம் இவற்றைப் பார்த்துத்தான் நகரப் பகுதியாக அறிவிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243-கியூ பிரிவு. ஊரில் எத்தனை பேர் இன்னும் வயலை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அதில் எழுதுங்கள். அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: சேர்த்ததைத் திரும்பப் பிரித்த நாடு ஏதாவது உண்டா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: உண்டு, கிரீஸ். கடன் நெருக்கடியில் சிக்கியிருந்தபோது, 2011-ல், 1,034 உள்ளாட்சிகளை 325 ஆகச் சுருக்கியது. லெஸ்போஸ் தீவு முழுக்க ஒரே நகராட்சி, கோர்ஃபுவும் அப்படியே. 2019-ல் லெஸ்போஸை இரண்டாகவும் கோர்ஃபுவை மூன்றாகவும் பிரித்துவிட்டார்கள். எட்டு வருஷம் ஆனது!